பனி விட்டுப்போன கல்லுக்கு வயது காண்பது எப்படி? துருவப் படிவுகளின் காலக்கணிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகிக் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும். கிரீன்லாந்தின் பனிக்கு அந்தக் கணக்கு 7 மீட்டருக்குச் சற்று மேல். முழுவதும் உருகுவது நம் காலத்தில் நடக்கப்போவதில்லை. ஆனால் அதில் ஒரு சிறு பங்கு என்ன வேகத்தில் கழியும் என்பது கடலோரத்தில் வாழும் எல்லோருக்குமான கேள்வி. செயற்கைக்கோள்கள் பனியின் உயரத்தைத் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. பனிப்படலமோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அசைந்து கொடுப்பது. இன்று காணும் மெலிவு பழைய போக்கின் மிச்சமா, புதிதாகத் தொடங்கியதா என்று முப்பது ஆண்டுப் பதிவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

அதைச் சொல்லும் சாட்சிகள் பனி சுமந்து வந்து போட்டுவிட்டுப் போன கற்களும் மண்ணும்தான். அவற்றுக்கு வயது காணும் முறையை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை இங்கே பார்க்கலாம். கல்லூரியில் புவியியல் எடுத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், பள்ளி வேதியியல் நினைவிருக்கிற எவரும் தொடர முடியும். இந்த வேலையில் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகள் உண்டு. இருந்தாலும் முடிவின் தரம் மலைமேல் எந்தக் கல்லைக் குனிந்து எடுத்தோம் என்பதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அந்தப் படியில் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

## தொடங்கும் முன்: கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கடைசிப் பனியுகத்தின் உச்சம் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன். அப்போது உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடந்தது. அந்த நீரெல்லாம் நிலத்தின் மேல் பனியாக நின்றது. மேற்கு அண்டார்டிகாவின் பனி அன்று கடலுக்குள் வெகுதூரம் நீண்டு, கரையோரத்தில் பல நூறு மீட்டர் கூடுதல் தடிப்போடு இருந்தது. கிழக்கு அண்டார்டிகாவின் உள்பகுதியோ அப்போது இன்றைவிடச் சற்று மெலிந்திருந்தது. கடுங்குளிரில் காற்றில் ஈரம் குறைவு, பனிப்பொழிவும் குறைவு. ஒரே கண்டத்தில் ஒரே காலத்தில் எதிரெதிரான இரண்டு நிலைமைகள்.

ஆகவே 'பனி எப்போது உருகியது' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கேள்வியைப் பிரிக்க வேண்டும். பனி எவ்வளவு தடித்திருந்தது? எதுவரை நீண்டிருந்தது? எப்போது, எந்த வேகத்தில் மெலிந்தது? தடிப்புக்கான சான்று மலைச்சரிவில் இருக்கும். எல்லைக்கான சான்று பெரும்பாலும் கடலடியில் இருக்கும். உங்கள் கேள்வி எது என்பதைப் பொறுத்துத்தான் பயணம் ஹெலிகாப்டரிலா கப்பலிலா என்பதே முடிவாகும்.

## படி 1: படிவை அடையாளம் காணுங்கள்

நகரும் பனி தன் அடியிலுள்ள பாறையை உடைத்துப் பெயர்த்து எடுத்துச் செல்கிறது. எடுத்துச் சென்றதைப் பல வகைகளில் போட்டுவிட்டுப் போகிறது. பனியாற்றின் ஓரத்திலும் முனையிலும் குவியும் கல்மேட்டுக்கு மொரைன் என்று பெயர். களிமண்ணும் மணலும் பெருங்கல்லுமாக வரிசையின்றிக் கலந்து கிடக்கும் படிவு டில். கடலடியில் பனி உரசிச் சென்ற நீண்ட பள்ளங்களும், அவற்றின் மேல் பிற்காலத்தில் படிந்த சேறும் இருக்கும்.

தொடக்கநிலையில் நீங்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இடம்பெயர்கல். தான் கிடக்கும் பாறையோடு எந்த உறவும் இல்லாமல், வேறெங்கிருந்தோ பனி கொண்டுவந்து வைத்த கல் அது. கறுப்பு எரிமலைப் பாறையின் மேல் வெளிறிய கிரானைட் உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தால், அதைத் தூக்கிவந்த கை பனியுடையது என்பதில் ஐயமில்லை.

பனிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்கும் மலைமுகடுகளை நுனாடக் என்பார்கள். நம் ஊர்த் தெப்பக்குளத்தில் நீர் வற்ற வற்றப் படிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருவதுபோல, பனி மெலிய மெலிய நுனாடக்கின் சரிவு மேலிருந்து கீழாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு உயரத்திலும் பனி சில இடம்பெயர்கற்களை விட்டுவிட்டு இறங்குகிறது. அந்தக் கற்கள் வெளிச்சத்துக்கு வந்த காலத்தை உயரவாரியாகக் கண்டுபிடித்தால், பனி இறங்கிய வரலாறு கைக்கு வந்துவிடும்.

## படி 2: பொருத்தமான கடிகாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரேடியோகார்பன். உயிர் இருந்த எதற்கும் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை அது வயது சொல்லும். ஆனால் அண்டார்டிகாவில் மரம் இல்லை, கரித்துண்டு இல்லை. கிடைப்பவை கடலோரத்துப் பென்குயின் எலும்பு, சிப்பி ஓடு, ஏரிச் சேற்றுப் பாசி போன்றவை. வெண்பனிப் பெட்ரல் என்ற கடற்பறவை கூட்டருகே உமிழும் இரைப்பை எண்ணெய் பாறையில் அடுக்கடுக்காகக் காய்ந்து கெட்டிப்படுகிறது. அதையும் சுரண்டி எடுத்துக் காலம் கணிக்கிறார்கள். அந்தப் பறவை கூடு கட்டிய பாறை அப்போது பனிக்கு வெளியே இருந்திருக்க வேண்டுமல்லவா?

கடல்சார் மாதிரிகளில் ஒரு சிக்கல் உண்டு. அண்டார்டிகாவைச் சுற்றி ஆழத்திலிருந்து மேலெழும் நீர் நெடுங்காலம் காற்றோடு தொடர்பின்றி இருந்தது. அந்த நீரில் வாழும் உயிரினத்தை இன்று பிடித்துச் சோதித்தாலே ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட 'வயது' காட்டும். அதைக் கழித்த பிறகுதான் உண்மையான காலம் வரும். கடலடிச் சேற்றிலோ, பழைய பாறையிலிருந்து அரித்து வந்த தொன்மையான கரிமமும் கலந்திருக்கும். வயது இன்னும் முதிர்ந்து காட்டும்.

இரண்டாவது கடிகாரம் ஒளிர்வுக் காலக்கணிப்பு. மணல்துகள் இருட்டில் புதைந்திருக்கும்போது சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றலைத் தன் படிகக் குறைகளில் சேமிக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். ஆகவே துகள் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்பதை ஆய்வகத்தில் அளக்க முடியும். பனியாற்று நீரோடைகள் கொண்டுவந்த மணலுக்கு இது ஏற்றது.

மூன்றாவது, வெளிப்பாட்டுக் காலக்கணிப்பு. கல் எப்போது பனியை விட்டு வெளியே வந்தது என்பதை அந்தக் கல்லிடமே கேட்கும் முறை. உயிர்ச்சான்று எதுவும் தேவையில்லை. துருவ ஆய்வில் இன்று முதலிடம் இதற்குத்தான். இனி வரும் படிகள் இதைப் பற்றியவை.

## படி 3: கடிகாரம் ஓடும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிச் சென்று, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். அது விண்வெளியிலிருந்து வருகிறது என்ற அவர் முடிவுக்கு 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்து அணுக்களில் மோதிச் சிதறடிக்க, அதில் பிறக்கும் வேகமான நியூட்ரான்கள் தரை வரை வந்து சேர்கின்றன. அவை குவார்ட்ஸ் கனிமத்திலுள்ள ஆக்ஸிஜன் அணுவைத் தாக்கி உடைக்கும்போது சில வேளைகளில் பெரிலியம்-10 பிறக்கிறது. சிலிக்கானிலிருந்து அலுமினியம்-26 பிறக்கிறது.

துருவப் பகுதியில், கடல்மட்டத்தில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கே நான்கு பெரிலியம்-10 அணுக்கள் உருவாகின்றன. அவ்வளவுதான். ஆனால் அவை குவார்ட்ஸ் படிகத்துக்குள் பத்திரமாக இருந்துவிடும். பெரிலியம்-10இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 13.9 லட்சம் ஆண்டு என்பதால், பத்தாயிரம் இருபதாயிரம் ஆண்டுகளில் அது அழிவது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு சிறியது.

இந்தக் கதிர் பாறைக்குள் வெகுதூரம் போகாது. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். மூன்று மீட்டரில் ஒரு விழுக்காடுகூட இல்லை. கல்லின் மேல் பத்து மீட்டர் பனி இருந்தாலே உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். பனி விலகிய நாளில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்று சொல்வதன் அடிப்படை இதுதான்.

உயரம் கூடினால் மேலிருக்கும் காற்று குறைகிறது, உற்பத்தி கூடுகிறது. பூமியின் காந்தப்புலம் நடுக்கோட்டுப் பகுதியில் கதிர்களை அதிகம் தடுப்பதால் அங்கே உற்பத்தி குறைவு, துருவத்தில் அதிகம். இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுவந்த பெரும்பணி இந்தியரான தேவேந்திர லாலுடையது. வாரணாசியில் பிறந்து, மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பெர்னார்ட் பீட்டர்ஸுடன் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கி, பின்னர் அகமதாபாதின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு இயக்குநராக இருந்தவர். இடத்துக்கு இடம் உற்பத்தி எப்படி மாறும் என்று அவர் 1991இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. அண்டார்டிகாவில் எடுத்த எந்தக் கல்லின் வயதுக் கணக்கிலும் அவர் உழைப்பின் சாயல் இருக்கிறது. நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் சத்தமாக ஒலிக்க வேண்டும்.

## படி 4: மலைமேல் கல்லைத் தேர்ந்தெடுங்கள்

நுனாடக்கின் சரிவில் இறங்கியதும் கண்முன் ஆயிரக்கணக்கான கற்கள் கிடக்கும். நீங்கள் எடுத்துவரப்போவது சில பத்து. தவறான கல்லை எடுத்துவந்தால் எந்த ஆய்வகமும் அதைச் சரியாக்கித் தராது. அது தரும் எண் மிகத் துல்லியமாக இருக்கும். சொல்லும் கதை வேறாக இருக்கும்.

முதலில் கல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அடியிலுள்ள பாறையின் வகையைச் சேர்ந்ததானால், அது மேலிருந்து உருண்டு வந்த உள்ளூர்க் கல்லாக இருக்கலாம். வேறு வகைப் பாறையானால் நல்லது. குவார்ட்ஸ் தாராளமாக உள்ள கிரானைட், நைஸ், மணற்பாறை ஆகியவை பெரிலியத்துக்கு உகந்தவை.

அடுத்து அதன் உருவம். பனிக்கு அடியில் உரசப்பட்டு வந்த கல்லின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். சில முகங்கள் தட்டையாகத் தேய்ந்து, இணையான கீறல்கள் தெரியும். இந்த அடையாளங்கள் இருந்தால், அதன் பழைய மேற்பரப்பு தேய்ந்து போய்ப் புதிய முகத்தோடு வந்திருக்கிறது என்று நம்பலாம். கூர்விளிம்புகளோடு இருக்கும் கல் ஏதோ ஒரு மலைமுகத்திலிருந்து பனியின் மேல் விழுந்து சவாரி செய்து வந்திருக்கலாம். விழுவதற்கு முன்பே பல்லாயிரம் ஆண்டு வெயிலில் நின்றிருக்கலாம்.

பிறகு அதன் மேனியைப் பாருங்கள். இதில்தான் கண் பழக வேண்டும். ஒரே சரிவில் அருகருகே இரண்டு கற்கள் கிடக்கும். ஒன்று புத்தம் புதிதாக, நிறம் மங்காமல் இருக்கும். மற்றொன்று செம்பழுப்பேறி, காற்று குடைந்த குழிகளோடு, தட்டினால் பொடிந்து உதிரும். இரண்டும் ஒரே காலத்தில் வந்தவை அல்ல. அண்டார்டிகாவின் உயரமான இடங்களில் பனி தன் அடிப்பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பனி நகர்ந்தாலும் அடியை அரிப்பதில்லை. முந்தைய பனியுகத்தில் வந்த கல்லைச் சேதமின்றி மூடிக் காத்து, மறுபடி திறந்து விட்டுப் போகும். புதிய முகமுள்ள கல்தான் கடைசி முறை பனி கொண்டுவந்ததற்கு நம்பகமான சாட்சி.

நிலையாக உட்கார்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். வெற்றுப் பாறைமேல் தனியாக அமர்ந்த கல் சிறந்தது. தளர்ந்த மண்மேட்டில் புதைந்திருப்பது பின்னாளில் வெளியே வந்ததாகவோ புரண்டதாகவோ இருக்கலாம். செங்குத்துச் சரிவின் அடிவாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். காற்று எப்போதும் துடைத்துக்கொண்டிருக்கும் முகட்டைத் தேடுங்கள். பள்ளத்தில் ஆண்டுதோறும் பனித்தூள் மூடினால் அந்த அளவுக்குக் கதிரும் தடைபடும்.

ஒரு உயரத்துக்கு ஒரு கல் போதாது. ஒவ்வொரு உயரத்திலும் மூன்று நான்காவது எடுங்கள். உச்சியிலிருந்து இன்றைய பனி விளிம்பு வரை வரிசை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனி விளிம்பை ஒட்டிய கற்களைச் சலிப்பில் விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள், பனி இன்றைய மட்டத்துக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று சொல்லப்போவது அவைதான்.

எடுக்கும்போது சுத்தியல், உளி கொண்டு மேல்முகத்தில் ஐந்து சென்டிமீட்டர் தடிப்புக்குள் பெயர்த்தெடுங்கள். சிறு கல்லானால் முழுதாகவே எடுக்கலாம், மேல்முகம் எது என்று குறித்துக்கொண்டு. ஒரு கிலோ அளவு இருந்தால் நல்லது. துல்லிய ஜிபிஎஸ் கொண்டு உயரம், இன்றைய பனிப்பரப்பிலிருந்து எவ்வளவு மேலே, மாதிரியின் தடிப்பு, முகத்தின் சாய்வு, சுற்றியுள்ள மலைகள் வானத்தை எந்தெந்தத் திசையில் எத்தனை பாகை மறைக்கின்றன என்பவற்றை அங்கேயே எழுதுங்கள். எடுப்பதற்கு முன்னும் பின்னும் படம் பிடியுங்கள். அந்த இடத்துக்கு இரண்டாம் முறை போக வாய்ப்பு அநேகமாக இருக்காது.

## படி 5: ஆய்வகத்தில் குவார்ட்ஸைப் பிரித்தெடுங்கள்

கல்லை நொறுக்கி, கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரையுள்ள துகளாகச் சலிக்கிறார்கள். காந்தத்தால் இரும்புக் கனிமங்கள் போகும். மிஞ்சிய ஃபெல்ட்ஸ்பாரையும் பிறவற்றையும் நீர்த்த ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் பல நாள் கரைத்து நீக்குவார்கள். மழையும் பனியும் கொண்டுவந்து துகளின் வெளிப்புறத்தில் ஒட்டிய பெரிலியம்-10உம் அதோடு போய்விடும். நமக்கு வேண்டியது படிகத்துக்குள்ளேயே பிறந்தது மட்டும். இந்த அமிலம் தோலில் பட்டால் எலும்பு வரை ஊடுருவிக் கொல்லக்கூடியது. முறையான பயிற்சி, புகைபோக்கிப் பெட்டி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு ஆகியவை இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது.

தூய குவார்ட்ஸோடு, அளந்து எடுத்த சாதாரணப் பெரிலியம்-9ஐச் சேர்த்து முழுவதும் கரைக்கிறார்கள். பிறகு அயனிப் பரிமாற்றக் குழாய்களின் வழியே பெரிலியத்தை மட்டும் பிரித்து, சூடாக்கி ஆக்சைடு பொடியாக்கி, முடுக்கி நிறை நிறமாலைமானிக்கு அனுப்புகிறார்கள். அணுக்களைப் பல லட்சம் வோல்ட் மின்னழுத்தத்தில் விரைவாக்கி, நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது. கற்களுக்குக் காஸ்மிக் கதிர் கொண்டு வயது காணும் எண்ணம் 1950களிலேயே இருந்தது. இந்தக் கருவி வந்த பிறகு, 1980களின் நடுப்பகுதியில்தான் அது நடைமுறைக்கு வந்தது.

எண்ணிக்கையின் அளவைப் பாருங்கள். ஒரு கிராமுக்கு 64,000 பெரிலியம்-10 அணுக்கள் உள்ள கல் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் குவார்ட்ஸில் அவை 12.8 லட்சம். நாம் சேர்த்த பெரிலியம்-9 கால் மில்லிகிராம் என்றால், ஒரு பெரிலியம்-10 அணுவுக்கு ஏறத்தாழ 13 லட்சம் கோடி பெரிலியம்-9 அணுக்கள். அந்தக் கூட்டத்திலிருந்து அந்த ஒன்றைக் கருவி தேடிப் பிடிக்கிறது. கல்லே இல்லாமல் வெறும் வேதிப்பொருளை மட்டும் வைத்து இதே வேலையை முழுதாகச் செய்து பார்ப்பதும் கட்டாயம். அப்போதுதான் ஆய்வகத்திலிருந்து கலந்த அளவைக் கழிக்க முடியும்.

## படி 6: எண்ணை வயதாக மாற்றுங்கள்

அதே கல். அதன் உயரத்தில் ஆண்டுக்கு, கிராமுக்கு 8 அணுக்கள் உற்பத்தி என்று கொள்வோம். 64,000ஐ 8ஆல் வகுத்தால் 8,000 ஆண்டு. முடிந்ததா என்றால், இல்லை. மாதிரி ஐந்து சென்டிமீட்டர் தடிப்பு. அடிப்பகுதிக்குச் சற்றுக் குறைவாகவே கதிர் போயிருக்கும். அந்தத் திருத்தம் 4 விழுக்காடு. சுற்றியுள்ள மலைகள் மறைத்தது 2 விழுக்காடு என்போம். உற்பத்தி 7.5 அணுவாகக் குறைகிறது, வயது 8,500 ஆகிறது. களத்தில் எழுதாமல் விட்ட இரண்டு எண்கள் 500 ஆண்டை விழுங்கியிருக்கும்.

உற்பத்தி வீதத்தை எங்கிருந்து பெறுகிறோம்? ரேடியோகார்பனால் வயது உறுதியாகத் தெரிந்த படிவுகளில் பெரிலியத்தை அளந்து, திருப்பிக் கணக்கிட்டுப் பெறுகிறார்கள். நியூசிலாந்தின் மெக்காலே பள்ளத்தாக்கு, கனடாவின் பாஃபின் விரிகுடாப் பகுதி ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். அண்டார்டிகாவின் மேல் காற்றழுத்தம் உலகச் சராசரியைவிடக் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. அதே உயரத்தில் வேறெங்கும் உள்ளதைவிட அங்கே உற்பத்தி கூடுதல். 2008 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணிப்பான் இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டுத் தரும்.

பிழை இரண்டு வகை. அணுக்களை எண்ணியதில் வரும் பிழை கல்லுக்குக் கல் தனி. உற்பத்தி வீதத்தில் உள்ள பிழை எல்லாக் கற்களையும் ஒரே பக்கமாகத் தள்ளும். ஒரே மலையின் கற்களைத் தங்களுக்குள் ஒப்பிடும்போது முதல் வகை மட்டும் போதும். கல்லின் வயதைக் கடல்மட்ட வரலாற்றோடோ பனித்துளைப் பதிவோடோ ஒப்பிட்டால் இரண்டையும் சேர்க்க வேண்டும். தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

## படி 7: முரண்படும் கற்களை விசாரியுங்கள்

அருகருகே எடுத்த நான்கு கற்களில் மூன்று 8,000 என்றும் ஒன்று 90,000 என்றும் சொன்னால் சராசரி எடுக்காதீர்கள். அந்த நான்காவது கல் பழைய வெளிப்பாட்டின் கணக்கைத் தனக்குள் சுமந்து வந்திருக்கிறது. அண்டார்டிகாவில் வயது தவறும்போது பெரும்பாலும் கூடுதலாகத்தான் தவறும். அதனால் ஒரு உயரத்தில் கிடைத்த இளைய வயதுகளின் கூட்டம்தான் உண்மைக்கு அருகில் இருக்கும்.

இதற்கு நல்ல மாற்று உண்டு. குவார்ட்ஸுக்குள் கார்பன்-14உம் இதே முறையில் பிறக்கிறது. அதன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுதான். கல் 30,000 ஆண்டு பனிக்கடியில் இருந்தால் பழைய கார்பன்-14 ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடும். பெரிலியமோ அப்படியே இருக்கும். பழைய சுமை உள்ள இடங்களில் கார்பன்-14 சொல்வதை நம்பலாம். பிரித்தெடுப்பது கடினம், உலகில் சில ஆய்வகங்களே செய்கின்றன.

பெரிலியத்தையும் அலுமினியத்தையும் சேர்த்து அளப்பது இன்னொரு வழி. இரண்டும் பிறக்கும்போது அலுமினியம் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம். ஆனால் அது இரு மடங்கு வேகத்தில் அழிகிறது. விகிதம் ஏழிலிருந்து நன்றாக இறங்கியிருந்தால் அந்தக் கல் நெடுங்காலம் மூடிக் கிடந்தது என்று பொருள்.

## படி 8: உயர வரிசையைப் படியுங்கள்

கிடைத்த வயதுகளைப் படுக்கை அச்சிலும் உயரத்தைச் செங்குத்து அச்சிலும் இட்டு வரையுங்கள். கோடு சாய்வாக இறங்கினால் பனி நிதானமாக மெலிந்தது. செங்குத்தாக விழுந்தால், பெரும் உயரத்தைக் குறுகிய காலத்தில் இழந்தது.

ஜான் ஸ்டோனும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் மேற்கு அண்டார்டிகாவின் மேரி பர்ட் நிலத்தில், ஃபோர்ட் மலைத்தொடரில் எடுத்த கற்களின் வயதை வெளியிட்டார்கள். கரையோரத்தில் 700 மீட்டருக்கும் மேற்பட்ட பனி கடந்த 10,000 ஆண்டுகளில் தொடர்ந்து மெலிந்து வந்ததை அது காட்டியது. பனியுகம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை அந்த ஒரு வரைபடம் அசைத்தது.

பைன் தீவுப் பனியாற்றின் அருகே ஹட்சன் மலைகளில் எடுத்த கற்கள் வேறு கதை சொன்னன. ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பனி ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் மெலிந்திருக்கிறது; அதுவும் பத்தாண்டுகளிலிருந்து நூற்றாண்டுகள் வரை நீடித்திருக்கிறது. 2014இல் வந்த இந்த முடிவு செயற்கைக்கோள் இன்று காட்டும் வேகத்தோடு ஒப்பிடத்தக்கது. ஒரு முறை தொடங்கினால் அந்த வேகம் சட்டென்று நின்றுவிடாது என்பதற்கு இது நேரடிச் சான்று.

கிழக்கு அண்டார்டிகாவின் மெக்கே பனியாற்றில் கிடைத்தது இன்னும் சிந்திக்க வைக்கிறது. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்த பனி ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள் குறைந்தது 180 மீட்டர் சரிந்தது. அப்போது தட்பவெப்பத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பனியாற்றின் அடித்தளம் கடலிலிருந்து உள்ளே போகப் போக ஆழமாகும் பள்ளம். பனியின் தரைதொடும் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் பின்வாங்கியதும், ஆழம் கூடக்கூட வெளியேறும் பனியும் கூடி, சரிவு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது. மேற்கு அண்டார்டிகாவின் பெரும் பகுதி இதேபோன்ற அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கற்கள். ஒன்று 8,100, மற்றது 7,900 ஆண்டு. ஒவ்வொன்றிலும் பிழை 200. ஆண்டுக்கு அரை மீட்டர் என்று அறிவித்துவிடத் தோன்றும். ஆனால் இரண்டு வயதும் பிழைக்குள் ஒன்றுதான். வேகம் அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருந்திருக்கலாம், பாதிக்கும் கீழே இருந்திருக்கலாம். கற்கள் நிறைய இருந்தால்தான் இந்த வரம்பு சுருங்கும். வேகத்தைச் சொல்லும்போது வரம்போடு சொல்லுங்கள்.

## படி 9: பனிக்கு அடியிலும் பாருங்கள்

மலைச்சரிவின் கற்கள் பனி இன்றைவிடத் தடித்திருந்த காலத்தைத்தான் காட்டும். இன்றைவிட மெலிந்திருந்த காலத்தின் சான்று இன்றைய பனிக்குள் மூடிக் கிடக்கிறது. அதை எடுக்கத் துளையிட வேண்டும்.

கிரீன்லாந்தின் நடுவே 1993இல் மூவாயிரம் மீட்டருக்கு மேல் துளையிட்டு அடிப்பாறையைத் தொட்டார்கள். அந்தப் பாறைத்துண்டில் பெரிலியமும் அலுமினியமும் நிறைய இருப்பதை 2016இல் ஒரு குழு வெளியிட்டது. அந்த இடம் ஒரு காலத்தில் திறந்த வானத்தின் கீழ் நெடுங்காலம் இருந்திருக்கிறது. இன்றைய பனிப்படலம் அங்கே இடைவிடாமல் இருந்திருந்தாலும் 11 லட்சம் ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு.

வடமேற்குக் கிரீன்லாந்தில் அமெரிக்க ராணுவத்தின் கேம்ப் செஞ்சுரி முகாமில் 1966இல் பனியைத் துளைத்து, அடியிலிருந்து மூன்றரை மீட்டர் அளவு உறைந்த மண்ணையும் எடுத்தார்கள். அது பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2017இல் கோபன்ஹேகனின் உறைபெட்டி ஒன்றில் மீண்டும் கண்ணில் பட்டது. உள்ளே செடிகளின் சுள்ளியும் பாசியும் இருந்தன. ஒளிர்வு முறையில் மேல்மண்ணுக்கு ஏறத்தாழ 4,16,000 ஆண்டு என்று 2023இல் வயது கண்டார்கள். இன்றைவிடப் பெரிதும் வெப்பமில்லாத ஓர் இடைக்காலத்தில் அந்தப் பகுதி பனியின்றி இருந்தது என்றால், கிரீன்லாந்தின் பனி நாம் எண்ணியதைவிட எளிதில் கரையக்கூடியது.

அண்டார்டிகாவில், த்வைட்ஸ் பனியாற்றுக்கு அருகே 2019-20 பருவத்தில் துளையிட்டு எடுத்த அடிப்பாறை, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அங்கே பனி இன்றைவிடக் குறைந்தது 35 மீட்டர் மெலிந்திருந்து, பிறகு மறுபடி தடித்ததைக் காட்டியது. மெலிந்த பனி மீண்டும் தடிக்க முடியும் என்பது உண்மைதான். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதையும் அதே பாறை சொல்கிறது. இந்தச் செய்தியை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் இரண்டாவது பாதியையும் படிக்க வேண்டும்.

## நீங்கள் எங்கே தொடங்கலாம்?

அண்டார்டிகா போகாமலே தொடங்கலாம். அங்கே எடுத்த கற்களின் தரவுகளைத் திரட்டி வைத்திருக்கும் பொதுத் தரவுத்தளம் இணையத்தில் இருக்கிறது. ஒரு மலையைத் தேர்ந்தெடுத்து, அதன் வயதுகளையும் உயரங்களையும் நீங்களே வரைந்து பாருங்கள். முரண்படும் கற்கள் எவை, ஏன் என்று களக்குறிப்பை வைத்து ஊகியுங்கள். ஒரு மாதம் இதைச் செய்தால் எந்த நூலும் தராத பழக்கம் கண்ணுக்கு வரும்.

இந்தியாவில் இந்த அளவீட்டுக்கான வசதி இருக்கிறது. புது தில்லியின் பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்தில் பெரிலியம்-10, அலுமினியம்-26, கார்பன்-14 மூன்றையும் அளக்கிறார்கள். நம் அண்டார்டிகப் பயணங்களை கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. மைத்ரி நிலையம் நிற்கும் ஷிர்மாக்கர் பகுதியே பனி விலகிய பாறை நிலம். ஒரு பக்கம் பனிப்படலம், மறுபக்கம் கடல்மேல் மிதக்கும் பனித்தட்டு, நடுவே ஏரிகள். பாரதி நிலையம் இருக்கும் லார்ஸ்மான் குன்றுகளும் அப்படித்தான். பல்கலைக்கழக ஆய்வாளர்களும் திட்டம் எழுதி இந்தப் பயணங்களில் சேர முடியும். பழக இமயமலையின் மொரைன்களும் இருக்கின்றன.

முடிவுகளை வெளியிடும் நாள் வரும்போது வயதை மட்டும் வெளியிடாதீர்கள். கிராமுக்கு எத்தனை அணுக்கள், எந்த அளவுகோலோடு ஒப்பிட்டு அளந்தது, உயரம், தடிப்பு, வான்மறைப்பு ஆகிய எல்லாவற்றையும் வெளியிடுங்கள். 2010இல் நியூசிலாந்து அளவீடு வந்தபோது அதுவரை பயன்பட்ட உற்பத்தி வீதம் பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. பழைய வயதுகள் அந்த அளவுக்குக் கூடின. அணுக்களின் எண்ணிக்கையை விடாமல் அச்சிட்டிருந்தவர்களின் கற்களுக்கு மறுகணக்குப் போட ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.